கோபித்துக்கொண்டு வந்த நிறங்கள்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள். வீட்டைக் கட்டுகிறவர் ஒருத்தர், அதே வீட்டில் உலை வைக்கிறவர் இன்னொருத்தர். கட்டுகிறவருக்குச் சமைக்கத் தெரியாது, சமைக்கிறவருக்குக் கட்டத் தெரியாது. சமைக்கிறவர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டால் வீடு வெளுத்துப்போகும். ஆனால் இடிந்து விழாது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டினியோடு காத்திருக்கும். அது எது?

தெரியவில்லை என்றால் குற்றமில்லை. சிப்பிமுனையில் கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட 'பார்' என்று சொல்லிவிடுவார்கள். கரையில் இருந்து பேசுகிறவர்கள் பவளப்பாறை என்று சொல்வதை, கடலில் இறங்கிப் பிழைக்கிறவர்கள் பார் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கல்லைக் கட்டுவது கடுகளவு உயிர். அதன் உடம்புக்குள்ளேயே குடியிருந்து, வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுவது கண்ணுக்கே தெரியாத இன்னொரு உயிர். பாருக்கு நிறம் வருவது அந்தச் சமையல்காரரால்தான். சிப்பிமுனைக்காரர்களுக்கும் இது முன்பு தெரியாது. நிறங்கள் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷத்தில்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த வருஷம் சித்திரையில் காற்று நின்றுபோனது. கடல், தாம்பாளத்தில் ஊற்றிவைத்த வெந்நீரைப்போல அலையில்லாமல் கிடந்தது. இறால் பண்ணை வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் மஞ்சள் நுரை கரையை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர்ச் சாக்கடையும் அதன் பங்குக்குச் சோப்பு நுரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நம்புநாயகிக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் நம்பு. "நம்பு சொல்றா, நம்பு!" என்று பெரியவர்கள் அவள் பேரை வைத்து விளையாடுவார்கள். அது அவளுக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறொரு பேர் இருந்தது, அது பிடிக்காது. ஏழு வயதில் அவள் வலது கண்ணைச் சுற்றி ஒரு வெண்திட்டு வந்தது. பிறகு உதட்டோரம் ஒன்று, இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொன்று, முட்டியில் பெரிதாக ஒன்று. இது ஒட்டாது, வலிக்காது, உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லி, ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். களிம்பு ஒன்றும் செய்யவில்லை. வகுப்பில் அவளைச் 'சுண்ணாம்புச் சட்டி' என்றார்கள்.

அவள் அம்மா பஞ்சவர்ணம் பாசி எடுக்கிறவள். விரல்களில் துணி சுற்றி, பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்கி, தாழைப்பாரின் ஓரங்களில் வளரும் கடற்பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. சித்திரைக் கடைசியில் ஒரு நாள், பை நிறையும் முன்பே கரைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பார் வெளுத்துப்போச்சுத்தா," என்றாள் மகளிடம். "முழுசும் வெள்ளையடிச்ச மாதிரி நிக்குது."

"செத்துப்போச்சாம்மா?"

"இல்ல. தொட்டுப் பாத்தேன். வழுவழுன்னு உசுரு இருக்கு. நிறம் மட்டுந்தான் இல்ல."

"நிறம் எங்க போச்சு?"

"போனவுக சொல்லிட்டா போனாக?"

அடுத்த நாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. நிறங்கள் சிப்பிமுனைக்கு வந்திருந்தன. ஊருக்கே அண்ணன் முறையான சுல்தான் காக்காவின் டீக்கடையில் பால் பொங்கி வரும்போதே இளம் ஊதாவாக வந்தது. சாத்தாயி அத்தையின் வெள்ளாடு இளம்பச்சையாக எழுந்து நின்று வழக்கம்போலக் கத்தியது. பள்ளிக்கூடச் சுவர் மஞ்சளானது. மேலத்தெருவில் ஒரு வீட்டின் வாசற்படி மட்டும் நீலமானது. ஊர்த்தலைவர் முத்திருளாண்டியின் ஐந்து வெள்ளை வேட்டிகளும் ரோஸ் நிறமாகிக் கொடியில் வரிசையாக ஆடின. ஒரு காக்கை ஆரஞ்சு நிறமாகி, மற்ற காக்கைகள் கிட்டே சேர்க்காததால் பகல் முழுவதும் தண்ணீர்த் தொட்டியின்மேல் தனியே உட்கார்ந்திருந்தது.

ஊர் இதற்காக வேலையை நிறுத்தவில்லை. "பால்ல தண்ணி கலக்குறான்னு சொல்லுவீக, ஊதா கலக்குறான்னு எவனாச்சும் சொன்னதுண்டா? குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்கப்பா," என்றார் சுல்தான் காக்கா. குடித்துப் பார்த்தார்கள், அதே டீதான். தலைவரின் வேட்டியை மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து பார்த்து, தங்கள் கொடியிலும் எதிர்க்கொடியிலும் இல்லாத நிறம்தான் என்று உறுதி செய்துகொண்டு நிம்மதியாகப் போனார்கள். மேலத்தெருவுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், நீலப் படிக்கு எந்தக் கடையில் பெயிண்ட் வாங்கினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பச்சை ஆட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அது எனக்கு நேர்ந்துவிட்டது, போங்கடா," என்று சாத்தாயி அத்தை பதில் சொன்னாள். ஒரு வாரத்தில் நிறங்கள் ஊரில் சொந்தக்காரர்களைப்போல ஆகிவிட்டன. நடக்கிறவர்கள் நீலப் படியைத் தாண்டிப் போனார்களே தவிர மிதிக்கவில்லை.

பழுப்பு வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, அது தேன் கலந்த மண்ணின் நிறம், ஊரில் பாதிப் பேரின் தோல் நிறம். மூன்றாம் நாள் தலை சீவக் கண்ணாடி முன் நின்ற நம்பு, தன் வலது கண்ணைச் சுற்றி இருந்த வெள்ளையைக் காணாமல் திகைத்தாள். உதட்டோரத்தைப் பார்த்தாள். புறங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பாவாடையைத் தூக்கி முட்டியைப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தாள். ஒரே நிறம்.

"அம்மா! மருந்து கேட்டுருச்சு!"

பஞ்சவர்ணம் மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். நீர் வற்றும் நேரத்தில் பார் தலை காட்டும்போது வருமே ஒரு பச்சை வாடை, அது வந்தது. அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "இருக்கட்டுமத்தா," என்றாள்.

வைகாசி கடைசியில் நம்பு ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போகவேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர், ஏழரை மணி பஸ். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அவளுக்கு இரண்டாவது பேர் ஒன்று இருந்ததும் தெரியாது. புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "என் பேரு நம்புநாயகி, சிப்பிமுனை," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்த பிள்ளையும் அதையே சொன்னது. அவளுக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

இதற்குள் கடலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வெளுத்த பாரில் மீன் அண்டவில்லை; வலை போட்டவர்கள் ஈர வலையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாழைப்பாரின் மேற்கு ஓரத்தில், வெள்ளைக் கிளைகளின்மேல் பச்சைச் சளி படர ஆரம்பித்திருந்தது. சளி மூடிய இடத்தில் தொட்டால் வழுவழுப்பு இல்லை, வெறும் கல். வெளுத்தது சாவு இல்லை, சளி மூடியது சாவு என்று பாசி எடுக்கும் பெண்கள் வந்து சொன்னார்கள்.

மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஊர் கூடியது. ரோஸ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முத்திருளாண்டி சொன்னார்: "வீடு விட்டு வந்தவுகளை நாமதான் மரியாதையாக் கொண்டுபோய் விடணும். சீர் வைப்போம்."

சீர் வைத்தார்கள். சிப்பிமுனை அப்படி ஒரு சீர்வரிசையை எந்தக் கல்யாணத்துக்கும் எடுத்ததில்லை. இருபத்தொரு தட்டு, மஞ்சள், குங்குமம், வளையல், பழம், பூ, கண்ணாடித் தாள் சுற்றிய சேலை. மேளத்தோடு மூன்று படகில் ஏற்றிக்கொண்டு தாழைப்பாருக்குப் போய், படகு ஆடாமல் இருக்க மூன்று நங்கூரத்தையும் பாரின்மேலேயே போட்டு, குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றி, குங்குமத்தைக் கொட்டி, பிளாஸ்டிக் நார் கட்டிய மாலைகளை வீசி, ஆயிரம் வாலா கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால், நீலம் படியிலிருந்து ஏறிச் சுவர் முழுக்கப் பரவியிருந்தது. ஊதா பாலைத் தாண்டிச் சர்க்கரைக்கும் வந்துவிட்டது.

"நல்லாக் குடியேறிட்டாக," என்றார் சுல்தான் காக்கா.

அன்று சாயங்காலம் கொட்டகையில் பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசுகிற வழக்கமில்லை.

"நம்பு ஆறு மாசப் புள்ளையா இருக்கையில நான் கோவிச்சுக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போனேன். ஊருக்கே தெரியும். இவுக வீட்ல இருந்து ரெண்டு தட்டு மிட்டாய் எடுத்துக்கிட்டு அழைக்க வந்தாக. நான் வரல. மறுவாட்டி நாலு தட்டு. அப்பவும் வரல. தட்டு இல்லைன்னா நான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்? மூணாவது வாட்டிதான் வெறுங்கையோட வந்து, 'உனக்கு என்ன குறை, சொல்லு'ன்னு கேட்டாக. அன்னிக்கே கிளம்பிட்டேன்."

"புருஷனைப் பாத்ததும் கிளம்பிட்டேன்னு சொல்லேன்," என்றாள் சாத்தாயி அத்தை.

"புருஷனோட எனக்கு என்ன சண்டை? சண்டை எல்லாம் மாமியார் வீட்டோட."

கொட்டகை சிரித்தது. நம்புவின் அப்பா கொட்டகைத் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் பஞ்சவர்ணம். "பாருக்கும் நிறத்துக்கும் ஒரு சண்டையும் இல்ல. அது ரெண்டும் ஒண்ணா வாழ்ந்ததுதான். மாமியார் வீடு நாம."

சிரிப்பு நின்றது.

"நிறத்துக்கிட்ட எப்படிக் குறை கேக்குறது? அது பேசுமா?" என்றார் தலைவர்.

"மருமக மட்டும் பேசவா விட்டீக? முகம் எதுக்குச் சுளிக்குதுன்னு பாக்க வேண்டியதுதான்."

அதிலிருந்து ஊர் பார்க்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. சுல்தான் காக்கா டம்ளர் கழுவிய சோப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் பாலில் இருந்த ஊதா சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்கியது. அவர் கடைக்குப் பின்னால் குழி வெட்டி, வாழை வைத்து, தண்ணீரை அங்கே திருப்பினார். பண்ணை மதகு திறக்கிற மணிக்குச் சுவரில் இருந்த நீலம் காய்ச்சல்காரனைப்போல நடுங்கியது. பண்ணைக்காரர், தன் எல்லைக்குள் எந்த நிறமும் வரவில்லை, அதனால் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். பாசி எடுக்கும் பெண்கள் வாய்க்கால் வாயை மணல் மூட்டையால் அடைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். அவர் தண்ணீர் அவர் வாசலுக்கே ஏறி வந்தபோது, கழிவு நீரைத் தெளியவைத்து வெளியே விட ஒரு குளம் வெட்டினார். கரையில் நங்கூரம் விழும் சத்தம் கேட்டாலே பச்சை ஆட்டின் மயிர் குத்திட்டு நின்றது; படகுக்காரர்கள் இனிமேல் மணல் பார்த்துத்தான் நங்கூரம் போடுவது என்று பேசி முடித்தார்கள். பஞ்சவர்ணம் தன் அலுமினியத் தட்டுகளைக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தாள். "இதைக் கட்டிக்கிட்டு நானும் பதினெட்டு வருஷம் மிதிச்சிருக்கேன். கிளை முறியிற சத்தம் காதுல கேக்கும். கேக்காத மாதிரி எடுத்துக்கிட்டு வருவேன்," என்றாள். மற்றப் பெண்கள் தங்கள் தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

வெயிலிடம் பேச மட்டும் ஊரில் ஆளில்லை. கடல் கொதிப்பதற்குச் சிப்பிமுனை மட்டும் காரணமில்லை. எங்கெங்கேயோ இருக்கிற, பேர் தெரியாத மாமியார் வீடுகள் அதற்கு இருந்தன. அதற்காகக் காத்திருந்தார்கள். வைகாசி பாதியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எடுத்தது, கடல் ஒரு சுற்றுக் குளிர்ந்தது, மறுநாள் காலையில் சுல்தான் காக்காவின் பால் வெள்ளையாகப் பொங்கியது.

ஒவ்வொன்றாக எல்லாம் கிளம்பின. வேட்டி வெளுத்தது, சுவர் வெளுத்தது, ஆடு பழைய நிறத்துக்கு வந்து, சாத்தாயி அத்தையிடம் நாள் முழுக்கக் கோபமாக இருந்தது, காக்கை கறுத்துத் தன் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. நிறங்கள் கரையோரம் முழங்கால் தண்ணீரில் சேர்ந்து, வண்ணப்பொடியால் போட்ட கோலம் மிதப்பதுபோல நின்றன. அங்கேயே நின்றன. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் ஆயிற்று. பாருக்குப் போகவில்லை.

"இன்னும் எதுக்கு நிக்கிதுக?" என்றார் தலைவர்.

சாத்தாயி அத்தை புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் பார்த்தாள். "யாரோ வரணும்னு நிக்கிதுக. புள்ளைய விட்டுட்டு எவ புருஷன் வீட்டுக்குக் கிளம்புவா? ஊதா இருக்கு, நீலம் இருக்கு, மஞ்சள், பச்சை, ரோஸு, ஆரஞ்சு எல்லாம் இருக்கு. பழுப்பத்தான்..."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாரில் முக்கால்வாசி பழுப்புத்தான். மற்ற நிறமெல்லாம் மேலே போட்டுக்கொள்ளும் நகை மாதிரி. உலை வைப்பது பழுப்பு. கரையில் நின்ற அத்தனை பேரும், நம்பு இருந்த பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று கடலையே பார்த்தார்கள். நம்பு அதைக் கவனித்தாள். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்க்காமல் இருந்து அவள் கண்டதில்லை.

பஞ்சவர்ணம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எம்புள்ளகிட்ட யாரும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தீக, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

யாரும் திறக்கவில்லை. வழியில் பார்த்தால் "சாப்ட்டியாத்தா?" என்று மட்டும் கேட்டார்கள், முன்பைவிட அன்பாக. அதுதான் நம்புவுக்குத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை அவள் அப்பாவிடம் சொல்லி, அம்மாவோடு படகில் தாழைப்பாருக்குப் போனாள். அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படகின் ஓரத்தைப் பிடித்தபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். மான்கொம்புபோலக் கிளைத்த பார் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையாக நின்றது. மேற்கே பாதிக்குமேல் சளி மூடியிருந்தது. மிச்சம் இருந்த ஒரு வெள்ளைக் கிளைக்குப் பக்கத்தில் அவள் தன் கையை நீட்டிப் பார்த்தாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மேலே வந்தாள்.

"அதுக்கு வலிக்குமாம்மா?"

"வலி தெரியல. பசிக்கும்."

"எத்தனை நாளு தாங்கும்?"

"தாங்குன வரைக்கும் தாங்கிருச்சு. இன்னும் மூணு நாளு, நாலு நாளு."

நம்பு கண்ணாடியைத் துடைத்தாள். "நான் வெள்ளையா இருந்தப்ப எனக்குப் பசிக்கலேல்ல?"

"இல்லத்தா."

"வலிக்கவும் இல்ல."

"அழுதுக்கிட்டு வந்தியே, எத்தனை நாளு."

"அது வகுப்புல அதுக பேசுனதுக்கு."

பஞ்சவர்ணம் மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். "இங்க பாரு. நீ வச்சுக்கிறேன்னா வச்சுக்க. புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு திங்கக்கிழமை இதே முகத்தோட பஸ் ஏறு. ஊரு பேசுனா நான் பாத்துக்கிறேன். ஆயுசுக்கும் நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"பார் போயிருச்சுன்னா நீ எங்க பாசி எடுப்ப?"

"வேற பாரு இருக்கு."

"அதுவும் வெள்ளையாத்தான நிக்குது?"

அப்பா இன்ஜினைக் கிளப்பாமல், துடுப்புப் போட்டே கரைக்குக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை காலை நம்பு இரட்டைச் சடை போட்டு, புதுச் சீருடை உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள். அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். பஸ் நிற்கும் இடத்துக்குத் தெருவழியும் உண்டு, கரைவழியும் உண்டு. அவள் கரைவழி வந்தாள். சுல்தான் காக்கா கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, கண்ணாடி இருக்கா?"

அவர் ஆணியில் தொங்கிய கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பு முகத்தை நேராகப் பார்த்தாள், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், சிரித்தும் பார்த்தாள். "என் பேரு நம்புநாயகி," என்றாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பையையும் செருப்பையும் மணலில் வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். முதலில் முகத்தைக் கழுவினாள். பிறகு இரண்டு கைகளையும். பிறகு முட்டியை. பழுப்பு தண்ணீரில் இறங்கி மற்ற நிறங்களோடு சேர்ந்துகொண்டது. பிறகு செருப்பை மாட்டி, பையை எடுத்துக்கொண்டு போய் ஏழரை மணி பஸ்ஸில் ஏறினாள்.